பட்டாளத்து டைப்ரைட்டரும் ஒரு மொட்டைப் பெட்டிஷனும்

எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சேவல், எனக்குப் பட்டாளத்து டைப்ரைட்டர். யுத்தம் முடிந்து, ராணுவம் வேண்டாமென்று கழித்த சாமான்கள் ஊர் ஊராக வந்து குவிந்த காலம் அது. கம்பளி, தண்ணீர்க் குடுவை, கூடாரத் துணி, ஜோடி இல்லாத பூட்ஸ் இவற்றுக்கு நடுவில் எங்காவது ஒரு டைப்ரைட்டர் குப்புறக் கிடக்கும். திருச்சியில் இந்த டிஸ்போசல் சரக்கு விற்கிற சந்து ஒன்று இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து முதல் பஸ் ஏறிப் போய், சட்டையெல்லாம் கிரீஸ் அப்பித் திரும்பி வருவேன். பாதி நாள் வெறுங்கையோடுதான் வருவேன். அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்த மெஷின்களில் அப்படி என்ன கண்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆபீஸ் மெஷின் கறுப்பாகப் பளபளக்கும். பட்டாளத்து மெஷின் அப்படியில்லை. வெயிலில் வைத்தாலும் மின்னாத பச்சை, கை வைத்தால் சொரசொரக்கும் பெயின்ட். வெள்ளைக்காரன் பட்டாளத்தைச் சேர்ந்ததாக இருந்தால் முதுகில் அகலமாக, சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளமாக, ஓர் அம்புக்குறி குத்தியிருக்கும். என்னிடம் இருந்ததில் ஒன்று கம்பியில்லாத் தந்திக்காரர்களுடையது. அதில் சின்ன எழுத்தே கிடையாது, எதை அடித்தாலும் பெரிய எழுத்தில்தான் விழும். இன்னொன்று பாதியாக மடிந்து பெட்டிக்குள் போய்விடும். வேறு நான்கு அசைய மாட்டாதவை, அழகுக்கு வைத்திருந்தேன்.

ஒரு நோட்டும் போட்டிருந்தேன். ஓடுகிற மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அது அடித்த ஒரு வரியை வெட்டி ஒட்டி, எந்த எழுத்து சாய்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று கீழே எழுதி வைப்பேன். மனுஷருக்குக் கையெழுத்து இருப்பதுபோல மெஷினுக்கும் உண்டு. ஒன்று அடிப்பதுபோல இன்னொன்று அடிக்காது. இதைத் தெரிந்துவைத்திருந்ததில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

என் மனைவி திருமயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டுப் பெண். வீட்டின் பின்னறையில் நெல் மூட்டை அடுக்க இடமில்லை என்று அவளுக்குக் கோபம்.

"நெல்லு வைக்கிற எடத்துல இரும்ப அடுக்குறீங்க. நாளைக்கு இதையா பொங்கித் திங்கிறது?" என்றாள் ஒருநாள். எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவளைத் தவிர இந்தச் சங்கதி வெளியில் யாருக்கும் தெரியாது. அம்புக்குறி போட்ட சாமான் ஒரு கவர்மெண்டு குமாஸ்தா வீட்டில் இருக்கிறதென்றால் எவனாவது எதையாவது கிளப்பிவிடுவான் என்ற பயம் ஒரு பக்கம், சிரிப்பார்களே என்ற கூச்சம் மறுபக்கம்.

நான் எந்த இலாகாவில் இருந்தேன் என்று சொல்லப்போவதில்லை. சமஸ்தானத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது, எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலை போகவில்லை, ஆனால் வரிசை கலைந்துவிட்டது. யார் சீனியர், யார் ஜூனியர் என்று யாருக்கும் புரியாத ஒரு லிஸ்ட் வந்தது. அதன்படி எனக்கு வரவேண்டிய ஹெட்கிளார்க் நாற்காலியில், சில வருஷம் கழித்து, என்னைவிட நான்கு வயது இளையவர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாயால் திட்டித் தீர்த்திருப்பேன்.

எங்கள் ஆபீஸ் காம்பவுண்டில் ஒரு வேப்பமரம். அதன் கீழே மடக்கு மேஜை போட்டு, மனு அடித்துக் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். பர்மா எல்லையில் ராணுவக் குமாஸ்தாவாக இருந்து திரும்பியவர். எல்லாரும் அவரைப் பட்டாளத்தார் என்றே கூப்பிடுவோம். மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள், எல்லாருக்கும் அந்த மேஜைதான் சோறு போட்டது. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மனுவை இங்கிலீஷில் அடித்து முடித்ததும், வந்தவருக்கு அதை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவார். முடிவில், "சொன்னதெல்லாம் வந்துருச்சா?" என்று கேட்பார். ஆமாம் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். அவசரம் என்று யார் பறந்தாலும் இதை மட்டும் விடமாட்டார்.

அவருடைய மெஷின் பட்டாளத்து மெஷின். அவர் இருந்த படைப்பிரிவைக் கலைத்தபோது, தான் அடித்துக்கொண்டிருந்ததையே கேட்டு வாங்கிக்கொண்டாராம். என்னிடம் இருந்ததெல்லாம் யாரோ எங்கோ அடித்தவை. இது நான் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷரோடு சண்டைக்குப் போய் வந்தது. லாரியிலிருந்து விழுந்து விலாவில் ஒரு நசுங்கல். சின்ன 'ஜி' எழுத்தின் வால் உடைந்திருக்கும். பெரிய 'ஆர்' வரியை விட்டு ஒரு மயிரிழை கீழே விழும். அவர் மனுக்கள் என் மேஜைக்கு வரும்போதெல்லாம் விஷயத்தைப் படிக்காமல் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷம் அவரை நச்சரித்தேன். அவருக்குத் தோள்பட்டையில் பழைய வலி. அந்த மெஷினிலோ ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அடிக்க வேண்டும். மூடப்போன ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து லேசாக ஓடுகிற மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து, மாற்றிக்கொள்ளலாமா அண்ணே என்று கேட்டேன். பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே மாற்றிக்கொண்டோம். அது யாரிடம் போயிற்று என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அந்த வருஷமே வெயில் காலத்தில்தான் அந்த மொட்டைப் பெட்டிஷனை அடித்தேன். ஹெட்கிளார்க்கின் மேல், பெயர் போடாமல், திருச்சியில் இருந்த மேலதிகாரிக்கு. காரியமாக வருகிறவர்களிடம் கோழியும் வாழைத்தாரும் வாங்குகிறார், வாங்கினால்தான் பைல் நகர்கிறது என்று எழுதினேன். கோழி என் கற்பனை. வாழைத்தார் ஒன்று வந்தது உண்மை. கோயில் திருவிழா முடிந்து யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். அவர் ஆபீஸ் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்தார். அதில் நானும் இரண்டு பழம் தின்றேன்.

எதில் அடிப்பது என்று யோசித்தேன். ஆபீஸ் மெஷினில் அடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டில் ஒழுங்காக ஓடுகிறவை மூன்று. தந்திக்காரன் மெஷின் பெரிய எழுத்தில் அடிக்கும். ஊரே திரும்பிப் பார்க்கும். மடக்கு மெஷினில் நான் ஒருமுறை ஆசைக்கு லீவ் லெட்டர் அடித்துக் கொடுத்திருந்தேன்; அது பைலில் இருக்கிறது. ஆக, என் காகிதம் எதுவும் பைலில் இல்லாத மெஷின் பட்டாளத்தாருடையது ஒன்றுதான். அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அப்படியானால் யாருடைய காகிதம் பைலில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை என்றுதான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. காகிதத்தைச் சுருட்டி உள்ளே விடும்போது வந்தது. இத்தனை காகிதத்தில் எவன் தேடிப் பார்க்கப் போகிறான் என்று அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தேடினார்கள். மேலே போன பெட்டிஷன், விசாரித்துச் சொல்லவும் என்ற குறிப்போடு எங்கள் ஆபீசருக்கே திரும்பி வந்தது. அவர் விசாரித்தார், ஹெட்கிளார்க் மேல் குற்றமில்லை என்று இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் எனக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் ஆபீசர் பெட்டிஷனை ஹெட்கிளார்க்கிடம் காட்ட, அவர் அந்த வால் உடைந்த எழுத்தைப் பார்த்ததுமே எங்கோ பார்த்த ஞாபகம் என்று சொல்லியிருக்கிறார். ரிக்கார்டு ரூமிலிருந்து பழைய மனுக்கட்டு நான்கு வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் மெஷின்களுக்கு ரிப்பன் மாட்டுவதும் சில்லறை ரிப்பேர் பார்ப்பதும் நான்தான். டைப் விஷயம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பேர்.

ஆபீசர் அந்தப் பெட்டிஷனையும் பட்டாளத்தார் அடித்த பழைய மனு ஒன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மெஷினில் அடித்ததா என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு வேறு மாதிரி தெரிகிறது என்று ஒரு பொய் சொல்லி, அந்த மனுஷரைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்குள் ஹெட்கிளார்க் உடைந்த வாலை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். இதைக்கூடக் கண்டுபிடிக்காவிட்டால் என்மேல் சந்தேகம் வருமே என்று தோன்றியது.

"ஒரே மெஷின்தான் சார்" என்றேன். 'ஆர்' கீழே விழுவதையும் காட்டினேன். அவர்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மரத்தடியிலிருந்து பட்டாளத்தாரைக் கூட்டிவந்தார்கள். ஒரு மாதம் முன்னால் மேஜையைத் தள்ளிப் போடச் சொல்லி ஹெட்கிளார்க் அவரிடம் சத்தம் போட்டது எல்லாருக்கும் தெரியும். காரணமும் கிடைத்துவிட்டது. அவர் இரண்டு காகிதத்தையும் வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் ஆபீசர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அது என் மெஷின்தாங்க. ஆனா இப்ப எங்கிட்ட இல்லை. பொங்கலுக்கே மாத்திட்டேன்" என்றார்.

யாரிடம் என்று ஆபீசர் கேட்டார்.

"அதைச் சொல்றதுக்கில்லைங்க. சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டேன்."

இதை யார் நம்புவார்? புது மெஷினை மரத்தடியில் வைத்துக்கொண்டு, பழையதை வீட்டில் ஒளித்து மொட்டைப் பெட்டிஷன் அடிக்கிறார் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆபீசர் கோபக்காரர் இல்லை, போலீசுக்கெல்லாம் போகவில்லை. இனிமேல் காம்பவுண்டுக்குள் உட்காரக்கூடாது என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானமே பட்டாளத்தார் மேஜையை மடக்கி, மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். வலிக்கிற தோளில்தான் வைத்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைவாசலில் கொஞ்ச நாள் உட்கார்ந்தார். மனு வேண்டியவர்கள் நேரே ஆபீசுக்குத்தான் வருவார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டைப் அடிக்க ஆளைத் தேட மாட்டார்கள். வேப்பமரத்தடிக்கு அடுத்த வாரமே வேறு ஒருவர் வந்துவிட்டார். நான் ஆபீசுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான். இறங்கியது, வந்தது. பின்னறைக்குள் மட்டும் போகப் பிடிக்கவில்லை. என் மனைவிகூடக் கேட்டாள், இரும்பு அலுத்துப்போச்சா என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டாளத்தார் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. மேலதிகாரிக்கு ஒரு மனுப் போடப்போவதாகவும், பழைய இடத்தைத் திருப்பிக் கேட்கப்போவதாகவும் சொன்னார். தன் கையால் அடித்தால் அதையும் சந்தேகப்படுவார்களாம்.

"நீங்க அடிச்சுத் தாங்க சார். நான் சொல்றேன்" என்றார்.

மடக்கு மெஷினை முற்றத்துக்கு எடுத்துவந்து வைத்தேன். என் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அண்ணன் ரொம்ப இளைச்சுட்டீங்களே என்று விசாரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் நல்ல இங்கிலீஷில், ராணுவத்தில் பழகிய மாதிரி, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொல்லிக்கொண்டு வந்தார். எத்தனை வருஷமாக அந்த மரத்தடியில் இருந்தார், அந்தப் பெட்டிஷனை அவர் அடிக்கவில்லை, தமக்கும் ஹெட்கிளார்க்குக்கும் விரோதமில்லை. ஒவ்வொன்றாக அடித்தேன். மெஷினைப் பொங்கலின்போது வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்ற வரி வந்தது. அங்கே நிறுத்தினார்.

"யாருக்குங்கிறத நீங்க பாத்துப் போட்டுக்கங்க" என்றார்.

என் விரல்கள் மெஷின் மேல் இருந்தன. அவர் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயால் சொல்லமாட்டார், நானாக அடித்தால் உண்டு என்று எனக்குப் புரிந்தது. மொத்தமாக நான்கைந்து வார்த்தை. என் பெயர், என் உத்தியோகம். அதை அடித்தால் அவருக்கு மரத்தடி கிடைத்துவிடும். எனக்கு வேலை போய்விடும். வேலை போனால் என் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று நினைத்தேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தேதான் நினைத்தேன். பிறகு ஒரு முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வரிக்குத் தள்ளினேன்.

முடிந்ததும் காகிதத்தை உருவிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

வரி வரியாகத் தமிழில் வாசித்தேன். அந்த வரிக்கு வந்தபோது இருமிவிட்டு மேலே போனேன். வாசித்து முடித்ததும், சொன்னதெல்லாம் வந்துவிட்டதா என்று நான்தான் கேட்க வேண்டும். அதுதான் முறை. என்னால் கேட்க முடியவில்லை. காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் சொன்னதெல்லாம் வந்துருச்சுங்க" என்று அவரே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மனு திருச்சிக்குப் போய், இந்த மாதிரி மனுக்கள் எல்லாம் போகிற வழியில், பதில் தயாரிக்கும்படி எங்கள் ஆபீசுக்கே வந்து சேர்ந்தது. ஹெட்கிளார்க் அதைப் படித்துவிட்டு, ஆள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, யாரிடம் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நானே சிபாரிசு செய்திருப்பேன் என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். டைப்பிஸ்ட் லீவில் இருந்ததால் பதிலை என்னிடம் சொல்லி அடிக்கச் சொன்னார். மெஷினை யாருக்குக் கொடுத்தார் என்பதை மனுதாரர் தெரிவிக்கவில்லை, ஆகையால் அவர் கூற்றை ஏற்பதற்கில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது. கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன்.

அதை வாங்க வந்த அன்றுதான் பட்டாளத்தாரை நான் கடைசியாகப் பார்த்தது. பிறகு குடும்பத்தோடு அறந்தாங்கிப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. நானும் மெஷின்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன், அவருடையது ஒன்றைத் தவிர. அதை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன்.

உத்தரவை வாங்க வந்த அன்று என் மேஜைக்கு முன்னால் நின்றபடியே அவர் அதைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"நீங்க அடிச்சதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"சுத்தமா இருக்கு. ஒரு தப்பு இல்லை."

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என் பக்கம் வைத்துவிட்டுப் போனார். நான் ஆபீஸ் பிரதியை எடுத்து, அவர் மனுவோடும் அந்த மொட்டைப் பெட்டிஷனோடும் சேர்த்து பைலில் கோத்தேன். மூன்று காகிதத்தையும் அடித்தவன் நான். ஒன்றிலும் என் பெயர் இல்லை.